முதுகெலும்பு மூடும் மாதம்

எனக்கு வலிப்பு இருக்கிறது. இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம்.

ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் முதல்முறை வந்தது. பிரேயரில் நின்றுகொண்டிருந்தேன். அடுத்து ஞாபகம் இருப்பது ஹெட்மாஸ்டர் ரூம் பெஞ்சு. அப்பா தர்மபுரியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் ஒரு மாத்திரை எழுதினார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. போட்டால் வராது. நல்லாகிவிட்டது என்று நினைத்து ஒருமுறை விட்டுப் பார்த்தோம், வந்தது. பிறகு விடவில்லை. அந்த டாக்டர் ஊரைவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் காலி அட்டையைக் காட்டித்தான் வாங்கினேன். எந்த ஊர் மெடிக்கலிலும் கொடுத்தார்கள். உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று யாரும் கேட்டதில்லை. எதற்குக் கேட்பார்கள் என்றுதான் நானும் இருந்தேன்.

எட்டாவதோடு படிப்பு நின்றது. ஓசூரில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. பெரிய பலகை நகர்ந்துகொண்டே வரும். அதில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஒயரைச் செருகி டேப் சுற்ற வேண்டும். லைன் நிற்காது. நாமும் நிற்க முடியாது. என் பக்கத்தில் நிற்பவள் நசீமா. பாகலூர் ரோட்டில் நாங்கள் இருக்கும் லைன் வீட்டில் அவளும் ஒரு வீட்டில் இருக்கிறாள். எனக்கு வலிப்பு என்று கம்பெனியில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

என் வீட்டுக்காரர் பேர் முனிராஜ். வார்ப்பட ஃபேக்டரியில் இருக்கிறார். ஊர் மத்தூர் பக்கம். நோயைச் சொல்லித்தான் கல்யாணம் செய்தார்கள். அத்தைக்கும், அதாவது என் மாமியாருக்கும், தெரியும். அவர் அதை வலிப்பு என்று சொல்லமாட்டார். "மயக்கம்" என்பார்.

இதை எங்கள் லைனில் நிற்கும் பெண்கள் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். அவர்களுக்குத் தெரிந்த விஷயத்தில் இருந்துதான் இது ஆரம்பிக்கிறது.

நாள் தள்ளிப்போடும் மாத்திரை. எங்கள் லைனில் எல்லோர் பையிலும் இருக்கும். கோயிலுக்குப் போக வேண்டுமா, மாத்திரை. தங்கச்சி கல்யாணமா, மாத்திரை. ஆடிட் வருகிறது, லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்களா, மாத்திரை. மெடிக்கலில் பேர் சொல்லக்கூட வேண்டாம். "தள்ளிப்போடறது" என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். ஒருத்தியிடம் இல்லையென்றால் இன்னொருத்தி தருவாள், ஹேர்பின் தருவதுபோல.

அந்த வருஷம் ஊரில் மாரியம்மன் திருவிழா. எங்கள் வீட்டு முறையில் மருமகள்தான் மாவிளக்கு எடுக்க வேண்டும். கல்யாணமான முதல் வருஷம் எனக்கு நாள் வந்து எடுக்க முடியவில்லை. அத்தை எதிர்வீட்டுப் பெண்ணை வைத்து எடுத்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் கஷ்டமாக இருந்தது. இந்த வருஷமும் கணக்குப் பார்த்தால் அதே நாளில்தான் விழுகிறது. நசீமாவிடம் சொன்னேன். நோன்பு மாதத்துக்கு வாங்கியதில் மீதி இருந்தது அவளிடம். கொடுத்தாள்.

"உங்க சாமிக்கும் எங்க நோன்புக்கும் ஒரே மாத்திரை பாரு," என்றாள்.

போட்டேன். மாவிளக்கு எடுத்தேன். அத்தைக்கு நிம்மதி. எல்லோருக்கும் நிம்மதி.

மாத்திரையை நிறுத்தினால் சில நாளில் வந்துவிடும் என்பார்கள். வரவில்லை. நசீமா அவளுக்கும் ஒருமுறை இப்படித்தான் இழுத்தது என்றாள். லைனில் இன்னொரு அக்கா, அந்த மாத்திரை சூடு, உடம்பு அடங்கினால் வரும் என்றார். இளநீர் குடித்தேன். வாந்தி வந்தது. கேன்டீன் சாம்பார் என்று நினைத்தேன். இடுப்பு வலித்தது. நின்று நின்று வலிக்கிறது என்று வலி மாத்திரை போட்டேன். மாத்திரையைக் குறை சொல்லிக்கொண்டே மாத்திரை போட்டேன். வாரங்கள் போயின.

நசீமாதான் கடைசியில் டெஸ்ட் கிட் வாங்கி வந்தாள். கம்பெனி பாத்ரூமில் பார்த்தோம். இரண்டு கோடு விழுந்தது. திருவிழாவுக்கு மாத்திரை போடும்போதே வயிற்றில் இருந்திருக்கிறது. வராத ஒன்றைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. அது ஒரு ராத்திரி இருந்தது. காலையில் பல் விளக்கிவிட்டு வலிப்பு மாத்திரையை எடுத்தேன். அப்போதுதான் கை நின்றது. இதைப் போடலாமா?

என் வீட்டுக்காரர் அட்டையை எடுத்துக்கொண்டு தெரு முனை மெடிக்கலுக்குப் போனார். அங்கிருந்தவர் திருப்பிப் பார்த்துவிட்டு, கர்ப்பத்தில் இது ஆகாது, பிள்ளைக்குக் கேடு என்றாராம். அவர் சொன்னது பொய் இல்லை. பிறகு பெரிய டாக்டரே சொன்னார். ஆனால் மெடிக்கல்காரர் பாதிதான் சொன்னார். மீதிப் பாதியை நாங்களும் கேட்கவில்லை.

நர்ஸம்மாவிடம் கர்ப்பம் பதிய அடுத்த வாரம் போவதாக இருந்தது. அதுவரை நிறுத்திவைக்கலாம் என்று முடிவு செய்தோம். என் வீட்டுக்காரர் கேட்டார்.

"வந்துட்டா?"

"எனக்கு வந்தா வரட்டும். புள்ளைக்கு ஆவாதுன்னா வேணாம்."

நிறுத்தினால் வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் நிறுத்தினேன். எனக்கு வருவது எனக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். அங்கேதான் தப்பு. எங்களைப் போல எத்தனை பேர் இதே தப்பைச் செய்கிறார்கள் என்று பிறகு வார்டில் பார்த்தேன்.

சில நாள் ஒன்றும் ஆகவில்லை. நல்லபடியாகப் போகிறது என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் காலை ஷிப்டில் பச்சை ஒயரை எடுத்தேன். எடுத்தது ஞாபகம் இருக்கிறது. செருகியது ஞாபகம் இல்லை.

மற்றதை நசீமா சொல்லிக் கேட்டேன். நான் பின்பக்கமாக விழுந்தேன். கை கால் இழுத்தது. வாயில் ரத்தம். லைனை நிறுத்தினார்கள். ஒருவர் ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். இன்னொருவர் வாயில் ஸ்பூன் வைக்கப் பார்த்தார். நசீமா அவர் கையைத் தட்டிவிட்டு என்னை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தாள். நான் எப்போதோ சொல்லி வைத்திருந்தேன். அப்புறம் சூப்பர்வைசரிடம், "சார், அவ மாசமா இருக்கா," என்றாள். அப்படித்தான் கம்பெனிக்கு இரண்டு சேதியும் ஒன்றாகத் தெரிந்தது.

ஆம்புலன்ஸில் இன்னொருமுறை வந்ததாம். ஓசூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கண் திறந்தபோது மேலே ஃபேன் சுற்றியது. நாக்கு தடித்திருந்தது. உடம்பு முழுக்க மூட்டை தூக்கியதுபோல வலி. என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். ஃபேக்டரி யூனிபார்மோடு வந்திருந்தார். நான் கேட்க நினைத்தது வாயில் வரவில்லை. வயிற்றைக் காட்டினேன்.

"இன்னும் பாக்கல. ஸ்கேனுக்கு வரிசைல இருக்கோம்," என்றார்.

ஆஸ்பத்திரியில் அதிகம் செய்தது காத்திருந்ததுதான். ஸ்கேன் ரூம் வாசலில் பெஞ்சு இருந்தது. பெஞ்சு நிறைந்தால் தரை. எனக்கு உட்கார முடியவில்லை என்று ஸ்ட்ரெச்சரிலேயே ஓரமாக வைத்திருந்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். உள்ளே கூப்பிட்டு வயிற்றில் ஜெல் தடவினார்கள். டாக்டர் அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு, துடிப்பு இருக்கிறது என்றார். அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தார். 

பிறகு தலைக்கு டெஸ்ட். தலைமுடியை விலக்கிப் பசை தடவி, ஒயர் ஒயராக ஒட்டினார்கள். மூளையில் ஓடும் கரண்ட் ஒழுங்காக ஓடுகிறதா, எங்காவது தெறிக்கிறதா என்று பேப்பரில் கோடு விழும். வலிக்காது. கண்ணை மூடு, திற, மூச்சை வேகமாக விடு என்பார்கள். தினமும் ஒயர் செருகுகிறவளுக்கு அன்று ஒயர் செருகினார்கள். ஒயர் ஒட்டிய பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கும் காலையில் இருந்து நிற்கிற வேலை.

பெரிய டாக்டரம்மா மறுநாள் ரவுண்ட்ஸில் வந்தார். கூட நிறைய மாணவர்கள். என் கேஸை ஒரு பையன் இங்கிலீஷில் படித்தான். அவர் கேட்டுவிட்டு என் கட்டில் ஓரம் உட்கார்ந்தார். டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பயம் வந்தது.

"மாத்திரைய யார் நிறுத்தச் சொன்னது?"

நாங்களே நிறுத்தினோம் என்றேன்.

அவர் திட்டவில்லை. மெதுவாகச் சொன்னார். எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். பிள்ளைக்கு முதுகெலும்பும் மூளையும் முதலில் ஒரு பலகைபோல இருக்குமாம். அது இரண்டு பக்கமும் மடிந்து குழாய்போல மூட வேண்டும். சரியாக மூடாவிட்டால் முதுகில் திறப்பு இருக்கும், நடக்கக் கால் வராமல் போகலாம், அதற்கும் மேலே பெரிசாகவும் ஆகலாம். நான் இத்தனை வருஷம் போட்ட மாத்திரைக்கு அந்த மூடலைக் கெடுக்கிற குணம் உண்டு. எல்லாப் பிள்ளைக்கும் ஆகாது. சில பிள்ளைக்கு ஆகும். வயசுப் பெண்களுக்கு அதை எழுதாமல் வேறு எழுதத்தான் பார்ப்பார்கள். என்னை யாரும் திரும்பப் பார்க்காததால் அதுவே ஓடிவிட்டது.

"சரி, அதான் நிறுத்திட்டேனே," என்றேன்.

"அது மூடறது முதல் மாசத்துலயே. நாள் தள்ளிப்போச்சான்னு நீங்க யோசிக்கிறதுக்குள்ள மூடி முடிஞ்சிருக்கும். நீங்க நிறுத்தினப்போ அந்த வேலை முடிஞ்சுபோச்சும்மா. நிறுத்தினதால அதுக்கு ஒரு நல்லதும் இல்ல. வலிப்பு மட்டும் வந்துது. வலிப்பு வந்தா உள்ள இருக்கிற புள்ளைக்கும் மூச்சு குறையும்."

 நான் பிள்ளைக்காக விழுந்தேன் என்று நினைத்திருந்தேன். பிள்ளையோடு விழுந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் திருவிழா மாத்திரையைப் பற்றிக் கேட்டார். டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். அது பெரிய கவலை இல்லை, ஆனால் கல்யாணமான பெண் டெஸ்ட் பண்ணாமல் அதைப் போடவே கூடாது, அது பிள்ளையை மறைத்துவிடும் என்றார். வலி மாத்திரையையும் கேட்டார். பேரே எனக்குத் தெரியவில்லை. நசீமாவுக்கு போன் போட்டுக் கேட்டுச் சொன்னோம். கண்ட வலி மாத்திரையும் போடக்கூடாது, வலித்தால் எதைப் போடலாம் என்று இங்கே கேட்டுவிட்டுப் போடு என்றார்.

வலிப்புக்கு வேறு மாத்திரை எழுதினார். பிள்ளைக்கு அவ்வளவு கெடுதல் செய்யாதது. குறைந்த அளவில் தொடங்கி ஏற்றினார்கள். முதல் சில நாள் ஒரே தூக்கம், தலை சுற்றல், காரணமில்லாமல் எரிச்சல். ரத்தம் எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். கூடவே ஃபோலிக் என்று ஒரு மஞ்சள் மாத்திரை. அது வைட்டமின். பிள்ளை தங்குவதற்கு முன்னாலேயே போட ஆரம்பித்திருக்க வேண்டியது. அந்த முதுகு மூடுவதற்கு உதவுகிறது அதுதான்.

முதுகு மூடியதா இல்லையா என்று எப்போது தெரியும் என்று கேட்டேன்.

அஞ்சாம் மாதம் ஒரு பெரிய ஸ்கேன் உண்டு, உறுப்பு உறுப்பாகப் பார்ப்பார்கள், அதில் தெரியும் என்றார். பெரிய குறை தெரிந்தால் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அது என் முடிவு, யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்றும் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அடுத்த கட்டிலில் தளிப் பக்கத்துப் பெண். பேர் கௌரம்மா. பாதி கன்னடம், பாதி தமிழ். ரத்தம் குறைவு என்று படுக்க வைத்திருந்தார்கள். நர்ஸ் கொடுக்கும் சத்து மாத்திரையை வாயில் போட்டு, நர்ஸ் போனதும் துப்பித் தலையணை அடியில் வைப்பாள். ஏன் என்று கேட்டேன்.

"பேடக்கா, வேணாம். அது போட்டா கொழந்தை கருப்பாகும்."

எனக்குப் பேச உடம்பில் தெம்பு இல்லை. நாக்கை நீட்டிக் காட்டினேன். ஓரம் முழுக்கக் கடிபட்டுக் கறுத்திருந்தது.

"நானும் ஒரு மாத்திரைய வேணாம்னுதான் வெச்சேன்," என்றேன்.

அவள் நாக்கையே பார்த்தாள். அப்புறம் தலையணையைத் தூக்கி ஒன்றை எடுத்துத் துடைத்தாள். அதைப் போடாதே, புதுசு கேள் என்றேன். நர்ஸைக் கூப்பிட்டாள். நர்ஸ் வந்து தலையணை அடியைப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது. கௌரம்மா என்னை ஒருநாள் முழுக்கப் பார்க்கவில்லை. பிறகு ஆரஞ்சு உரித்துப் பாதி கொடுத்தாள்.

அத்தை ஊரில் இருந்து வந்தார். அவருக்கு நான் போன் செய்யவில்லை, அவர் மகன் செய்திருந்தார். தூக்குப் பாத்திரத்தில் களியும் கீரையும் கொண்டுவந்தார். நாக்கால் காரம் தாங்க முடியவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார். மறுநாளில் இருந்து ராகிக் கூழ் வந்தது. ஆறவைத்து, மோர் ஊற்றி, உப்பு மட்டும். மத்தூரில் இருந்து பஸ்ஸில் தினமும். ஒருநாள் பஸ் நெருக்கத்தில் கொஞ்சம் சிந்திவிட்டது. சேலை ஓரமெல்லாம் கூழ். அதைப் பிழிந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மாத்திரை விஷயம் அவருக்கும் தெரிந்துவிட்டது. மாவிளக்குக்காகப் போட்ட மாத்திரையால்தான் இப்படியா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறார். இல்லை என்று டாக்டர் சொன்னதைச் சொல்லியிருக்கிறார். அத்தை நம்பவில்லை. என்னிடம் நேராகக் கேட்டார்.

"எனக்காகத்தான போட்ட?"

அத்தை, அது காரணமில்லை, இது பழைய மாத்திரை என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். போகும்போது, இனிமேல் மாவிளக்கு எடுக்கிறதை அந்த மாரியே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்.

வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பெரிய செலவு இல்லை. ஆனால் அவருக்கு ஓவர்டைம் போனது, எனக்குச் சம்பளம் போனது. கம்பெனியில் லைனில் நிற்க வேண்டாம், உயரமான இடம், மிஷின் பக்கம் வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். உட்காரும் வேலை இல்லை, பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் பார்க்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் கஷ்டமான காலம். ஒன்றும் நடக்காத காலம். காலை மாத்திரை, ராத்திரி மாத்திரை. என் வீட்டுக்காரர் போனில் அலாரம் வைத்தார். ஷிப்டில் இருந்தாலும் போன் செய்து போட்டாயா என்று கேட்பார். போட்டேன் என்பேன். வைத்துவிடுவார். அவ்வளவுதான் பேச்சு. வெளியே போனால் நசீமா கூட வருவாள். கிணற்றடி, மொட்டைமாடி எல்லாம் எனக்கு இல்லை. குளிக்கும்போது தாழ்ப்பாள் போடக்கூடாது. வாசலில் யாராவது நிற்பார்கள். பெரிய மனுஷி வாசலில் ஆள் வைத்துக் குளித்தேன்.

வயிறு தெரிய ஆரம்பித்தது. லைன் வீட்டுப் பெண்கள் மாங்காய் கொடுத்தார்கள். என்ன பேர் வைப்பாய் என்றார்கள். நான் பேர் யோசிக்கவில்லை. வயிற்றில் கை வைக்கக்கூட மாட்டேன். வைத்தால் முதுகு எங்கே இருக்கும் என்று தேடத் தோன்றும். நசீமா தான் கொடுத்த மாத்திரையை நினைத்து அழுதாள். அதில்லை என்று அவளுக்கும் சொன்னேன். அந்த நாட்களில் நான் அதிகம் பேசியது அதைத்தான். அதில்லை, அதில்லை.

என் வீட்டுக்காரர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்துச் சொன்னார்.

"இப்பவே வேணாம்னு தோணுச்சுன்னா சொல்லிடு செல்வி. யாருக்கும் நான் பதில் சொல்லிக்கறேன்."

"உங்களுக்கு?"

"எனக்கு நீ விழாம இருக்கணும். அவ்வளவுதான்."

ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி வீட்டிலேயே இருந்தது. சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, எங்களோடு உட்கார்ந்திருந்தது. உண்மையைச் சொன்னால், கால் வராத பிள்ளையை லைன் வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கே ஒரு ஆள் வேண்டும். இதை யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

பெண்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன். வலிப்பு, சர்க்கரை, தைராய்டு, பிரஷர், எதற்காவது தினம் மாத்திரை போடுகிறவள் பிள்ளை வேண்டும் என்று நினைத்தால், தங்குவதற்கு முன்னால் போய் டாக்டரிடம் அட்டையைக் காட்டு. தங்கிவிட்டது என்றால் அன்றைக்கே போ. நடுவில் நீயாக நிறுத்தாதே. மெடிக்கலில் சொன்னார்கள் என்று நிறுத்தாதே. நாள் தள்ளிப்போடும் மாத்திரையைப் ஹேர்பின் மாதிரி கடன் வாங்காதே. நான் படித்தவள் இல்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஸ்கேனுக்குக் காலையிலேயே போனோம். அத்தையும் வந்திருந்தார். வேண்டாம் என்றாலும் வந்தார். ஸ்கேன் ரூமுக்குள் என்னை மட்டும் விட்டார்கள். அங்கே இருந்த டாக்டர் வயசானவர், கண்ணாடி போட்டவர். ஸ்கிரீன் அவர் பக்கம் திரும்பியிருந்தது. எனக்கு அவர் முகம்தான் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலிப்பு மாத்திரை கேஸ் என்று சீட்டில் இருந்தது. அதைப் படித்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். 

நிறைய நேரம் ஆனது. ஒருபக்கம் திரும்பு என்றார். திரும்பினேன். பிள்ளை திரும்பவில்லை. வெளியே போய் நடந்துவிட்டு வா, ஏதாவது சாப்பிட்டு வா என்றார். வராந்தாவில் நடந்தேன். அத்தை கூடவே நடந்தார். ஒரு வாழைப்பழம் கொடுத்தார். என்ன சொன்னாங்க என்று கேட்கவில்லை.  சொல்ல ஒன்றுமில்லை, பிள்ளை முதுகைக் காட்டமாட்டேன் என்கிறது.

மறுபடி உள்ளே போனேன். மறுபடி ஜெல், மறுபடி அழுத்தல். அவர் மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றினார். கையை ஒரே இடத்தில் வைத்தார். மெதுவாகக் கீழே நகர்த்தினார். 

"முதுகெலும்பு மூடியிருக்கும்மா. கடைசி வரைக்கும் பாத்துட்டேன்."

மேலே ஃபேன் இல்லை, ஏசி. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவர் இன்னும் பார்த்தார். தலை, இதயம், உதடு, கை, கால். பார்த்தவரை சரியாக இருக்கிறது என்றார். துடைத்துக்கொள்ள டிஷ்யூ கொடுத்தார்.

டாக்டரம்மாவிடம் ரிப்போர்ட்டைக் காட்டினோம். அவர் நல்லது என்றார். அதோடு நிறுத்தவில்லை. எனக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான், ஆனால் அன்றைக்கு மட்டும் நிறுத்தியிருக்கலாம் என்று தோன்றியது. அந்தப் பழைய மாத்திரையால் சில பிள்ளைகளுக்குப் பேச்சு, படிப்பு தாமதமாகலாம், அது ஸ்கேனில் தெரியாது, பிறந்து வளரும்போதுதான் பார்க்க வேண்டும் என்றார். வராமலும் போகலாம். நீங்கள் வருஷத்துக்கு வருஷம் கூட்டிவந்து காட்டுங்கள் என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் அத்தை நின்றிருந்தார். முதுகு மூடியிருக்கிறது என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் என்ன என்றார். அவரிடம் மறைக்கத் தெம்பில்லை. பேச்சும் அறிவும் எப்படி வரும் என்று இப்போது தெரியாதாம், வளர்ந்தால்தான் தெரியுமாம் என்றேன்.

 அத்தை மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"இவனப் பெத்தப்ப எனக்கு மட்டும் என்னா தெரிஞ்சுதாம்? மூணு வயசு வரைக்கும் வாயே தெறக்கல. இப்பவும் என்னா பேசறான்?"

என் வீட்டுக்காரர் செருப்பைப் பார்த்தார். அவர் காது சிவந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளாகச் சிரிக்கவில்லை, அதனால் சத்தம் ஒருமாதிரி வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் அத்தையைக் கொஞ்சம் தள்ளி நிழலில் உட்காரவைத்துவிட்டு என்னிடம் வந்தார். ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று நான் சொன்னதை அவர் மறக்கவில்லை. வாயைத் திறந்து கேட்கவும் இல்லை. நின்றார்.

"மாத்திரை நாளையோட தீருது," என்றேன். "வலிப்பு மாத்திரை, மஞ்சள் மாத்திரை ரெண்டும். அடுத்த மாசத்துக்கும் சேத்து வாங்கிடுங்க."

சீட்டை என் கையில் இருந்து வாங்கினார். மருந்து கொடுக்கும் ஜன்னலில் வரிசை கேட் வரை நின்றது. போய்க் கடைசியில் நின்றார்.